மனை மாறியும் நிலைத்த நாடகப் பள்ளி

நடிப்பு பிறவிக் கொடை. பள்ளியில் கற்பிக்க இயலாது என்பாருண்டு. சிகாகோ நகர நாடகப் பள்ளியொன்றின் வரலாறு அதற்கு விடை கூறும்.

நாடகாசிரியர் கென்னத் சாயர் குட்மன் 1918ஆம் ஆண்டு விஷக்காய்ச்சலால் இளமையிலேயே மாண்டார். தேர்ந்த நடிகரும் மாணவரும் ஒருங்கே இயங்கும் அரங்கு காண விழைந்தவர் அவர். பெற்றோர் மகன் நினைவாக நிதி வழங்க, சிகாகோ கலைக் கழகத்தின் சார்பில் 1925இல் குட்மன் அரங்கு திறக்கப்பட்டது. பள்ளியும் உடன் எழுந்தது. பொருளாதார மந்தம் சூழவே, நடிகர் குழு கலைந்தது, பள்ளியோ நிலைத்தது. மாணவர்களே நாடகங்களை மேடையேற்றினர். கார்ல் மால்டன், ஜெரால்டின் பேஜ் ஆகியோர் அங்குப் பயின்றவர்களே.

1970களில் கலைக் கழகம் பள்ளியைக் கைவிட முனைந்தது. பள்ளி அழியவில்லை. 1978இல் அந்நகரின் டிபால் பல்கலைக்கழகம் அதனை ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழகத்துள் புகுந்தும் அது ஏட்டுக் கல்வியாகச் சுருங்கிவிடவில்லை. குரற்பயிற்சி, உடற்பயிற்சி, ஒத்திகை, மக்கள் முன் அரங்கேற்றம் என்பனவே இன்றும் அதன் பாடங்கள். ஒப்பனை, உடை, ஒளியமைப்பு ஆகியவற்றுக்கும் அங்கு இடமுண்டு.

ஆசிரியப் பயிற்சி பெற்ற நமக்கு இம்முறை புதிதன்று. கற்பிக்கும் முறைகளை நூலிற் படித்தோம்; எனினும், பிள்ளைகள் முன் நின்று பாடம் நடத்திய பின்னரே ஆசிரியரானோம். நடிகனும் அவ்வாறே உருவாகிறான். அத்தகைய செயற்கல்விக்கு இடமளிப்பது பல்கலைக்கழகத்தின் கடமையேயாகும்.