பிள்ளை எத்தனை கிலோ?

போன மாதம் எங்கட வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "ஆம்பிளப் பிள்ளை. 2.9 கிலோ. தாயும் சேயும் நலம்." அவ்வளவுதான். பிள்ளைக்கு இன்னும் பேர் இல்லை. யாருடைய சாயல் என்றும் தெரியாது. ஆனால் நிறை மட்டும் தசம தானத்தோடு வந்துவிட்டது. கீழே வரிசையாக இதயங்கள். ஒருவர் மட்டும் "எங்கட அக்காட மகள் 3.4" என்று போட்டுவிட்டுப் போனார். யாரும் கேட்காமலே ஒரு போட்டி தொடங்கி, அங்கேயே முடிந்தும் போனது.

அன்று பின்னேரம் கீரிக் கடற்கரையில் இருந்து நாங்கள் நாலு பேர் இதைப் பற்றிக் கதைத்தோம். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததும் நீளத்தையும் அளக்கிறார்கள், தலைச்சுற்றளவையும் அளக்கிறார்கள். "என்ர மகளுக்குத் தலை 34 சென்ரிமீற்றர்" என்று யாராவது பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நாங்கள் கேட்டதில்லை. அப்படியென்றால் நிறையை மட்டும் ஏன் ஊருக்கெல்லாம் சொல்கிறோம்? எப்போதிருந்து சொல்கிறோம்?

முதலில் வீட்டுக்குள்ளேயே தேடினோம். எங்கட அம்மம்மாமாரின் காலத்தில் பிள்ளைப்பேறு பெரும்பாலும் வீட்டில்தான், மருத்துவிச்சியின் கையில்தான். "நான் எத்தனை கிலோ எண்டு எங்கட அம்மாவுக்கே தெரியாது" என்று சொல்லி ஒரு அம்மம்மா சிரித்தார். அவர்களிடம் எண்கள் இல்லை, சொற்கள் இருந்தன. கைக்குள் அடங்குகிற பிள்ளை, எலிக்குஞ்சு மாதிரிப் பிள்ளை, வாளிப்பான பிள்ளை. வாளிப்பான பிள்ளையை யாரும் வாய்விட்டுப் புகழவும் மாட்டார்கள். நாவூறு பட்டுவிடும். கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்து, "ஏதோ இருக்குது" என்று சொல்லி மறைப்பார்கள். இன்றைக்கு அதே அம்மம்மா கனடாவுக்குப் போன் எடுத்து "மூண்டு கிலோ நூறு" என்று உரக்கச் சொல்கிறார். பொட்டும் வைக்கிறார், கிலோவும் சொல்கிறார்.

பிறகு தாள்களைப் பார்த்தோம். ஞானஸ்நானப் பதிவில் பிள்ளையின் பேர், பெற்றோர் பேர், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பேர், திகதி எல்லாம் இருக்கும். நிறை இருக்காது. சாதகம் எழுதுகிற வீட்டில் பிறந்த நேரம்தான் முக்கியம். நாழிகை பிசகினால் சண்டை வரும், ஆனால் நிறையை எந்தச் சாத்திரியாரும் கேட்பதில்லை. எங்களிடம் இருக்கிற பிறப்புச் சான்றிதழ்களைப் புரட்டினோம். தகப்பனின் தொழில் வரைக்கும் இருக்கிறது, நிறை இல்லை. ஆக, கோயிலும் சாத்திரமும் அரசாங்கமும் ஒரு மனிதப் பிறப்பைப் பதிய நிறை தேவை என்று நினைத்ததில்லை. அது வேறு வாசலால் வந்திருக்கிறது.

இவ்வளவுக்கும் எங்கட கடல் நிறுவைக்குப் பேர்போன கடல். மன்னார் வளைகுடாவில் எடுத்த முத்துகளை அரிப்புக் கரையில் வெவ்வேறு அளவுத் துளையுள்ள அரிதட்டுகளில் சலித்துத் தரம் பிரித்து, மஞ்சாடிக் கணக்கிலும் கழஞ்சுக் கணக்கிலும் நிறுத்தார்கள். கடைசிப் பெரிய முத்துக்குளிப்புகள் 1900களின் தொடக்கத்தில் நடந்தன. இன்றும் விடிகாலையில் வள்ளம் கரைக்கு வந்தால் முதல் வேலை தராசுதான். நண்டு, பாரை, கணவாய் எல்லாம் நிறுத்துத்தான் விலை பேசப்படும். அப்படிப்பட்ட ஊரில் பிள்ளையை மட்டும் யாரும் தராசில் போடவில்லை. விலை பேசுகிற பொருளைத்தானே நிறுப்பது?

பிள்ளையை நிறுக்கும் பழக்கம் ஐரோப்பிய மருத்துவர்களிடமிருந்து வந்தது. அவர்களுக்கும் அது பழைய பழக்கம் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பேர்பெற்ற பிரெஞ்சுப் பிரசவ மருத்துவரான மொரிசோ, நிறைமாதப் பிள்ளை 12 இறாத்தல் இருக்கும் என்று எழுதினார். அது ஐந்தரைக் கிலோ! தராசில் போட்டுப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். ஜேர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் யோகான் ஜோர்ஜ் ரோடரர் உண்மையாகவே பிள்ளைகளை நிறுத்துப் பார்த்து, ஆறு ஏழு இறாத்தல்தான் என்று 1753இல் வெளியிட்டார். 1835இல் பெல்ஜியத்தின் கெட்லே, மனித உடலின் 'சராசரி'யைத் தேடும் ஆராய்ச்சியில் பிறந்த பிள்ளைகளின் நிறையையும் சேர்த்துக்கொண்டார். 'சராசரி' வந்ததும் 'சராசரிக்குக் கீழே' என்பதும் கூடவே வந்துவிட்டது.

அதுவரை நிறை ஆராய்ச்சியாளர்களின் எண்தான். அதைத் தாய்மாரின் எண்ணாக மாற்றியவர்களில் ஒருவர் பரிஸ் மருத்துவர் பியேர் புடான். 1892இல் ஷாரித்தே ஆஸ்பத்திரியில் அவர் ஒரு கிளினிக் தொடங்கினார். அங்கே பிறந்த பிள்ளைகளைத் தாய்மார் கிழமைக்கொருமுறை கொண்டுவந்து நிறுக்க வேண்டும். நிறை ஏறாவிட்டால் பால் போதவில்லை அல்லது வருத்தம் இருக்கிறது என்று அர்த்தம். எங்கட ஊர்க் கிளினிக்கில் இன்றைக்கு நடக்கிறதும் கிட்டத்தட்ட இதுதான்.

இதற்குள் அரசியலும் புகுந்தது. 1899 தொடக்கம் 1902 வரை நடந்த போயர் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது, வந்த இளைஞர்களில் பெருந்தொகையானவர்கள் உடல் தகுதி இல்லாதவர்கள் என்று கண்டு பிரித்தானியா திடுக்கிட்டது. 1904இல் ஒரு விசாரணைக் குழுவின் அறிக்கையும் வந்தது. நல்ல சிப்பாய் வேண்டுமென்றால் நல்ல பிள்ளை பிறக்க வேண்டும் என்ற கணக்கு அது. 1911 தொடக்கம் ஹேர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் எதெல் மார்கரெட் பேர்ன்சைட் என்ற அதிகாரியின் கீழ் மருத்துவிச்சிகளும் சுகாதாரத் தாதிகளும் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பு நிறையையும், ஒரு வயது நிறையையும் பெரிய பேரேடுகளில் எழுதி வைத்தார்கள். அந்தப் பேரேடுகளுக்கு நாங்கள் பிறகு திரும்பி வருவோம்.

இலங்கைக்கு வருவோம். 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு மக்கள் வரும்வரை காத்திராமல், பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடு வீடாகப் போகிற முறை அங்கிருந்துதான் நாடு முழுக்கப் பரவியது. அந்த நேரத்தில் பிள்ளைகள் எப்படிச் செத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கோ. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய்க்குப் பிறகு, 1935இல் பிறந்த ஒவ்வொரு 1000 பிள்ளைகளில் 263 பேர் ஒரு வயதைக் காணவில்லை. கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் கிருமி நச்சுக்கொடியில் தங்கி, பிள்ளைக்குப் போகிற உணவைக் குறைக்கும். தாயின் இரத்தமும் வற்றும். பிள்ளை நிறை குறைந்து பிறக்கும். மன்னார் மாதிரியான வறண்ட பிரதேசங்களில் காய்ச்சல் என்பது பருவம் மாதிரி வந்து போன காலம் அது. ஆகவே ஒரு பிள்ளையின் நிறையில் அந்த வருடத்து நுளம்பும் இருந்தது, அந்த வருடத்து அரிசி விலையும் இருந்தது. 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றது. அதே வருட முடிவில், மலேரியாவைப் பரப்பும் புதிய இன நுளம்பு ஒன்று முதன்முதலாக மன்னார்த் தீவின் கிணறுகளில்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

அடுத்தது, 2.5 என்ற அந்தக் கோடு. பின்லாந்துப் பிள்ளை மருத்துவர் ஆர்வோ யில்ப்போ, முதலாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, கூடுதல் கவனம் தேவைப்படுகிற பிள்ளைகளைப் பிரித்தறிய 2500 கிராமை எல்லையாக எடுத்தார். 1948இல் உலக சுகாதார அமைப்பும் அதை ஏற்றது. முதலில் '2500 அல்லது அதற்குக் கீழ்' என்று இருந்தது. 1976இல் '2500க்குக் கீழ்' என்று மாற்றினார்கள். அதாவது சரியாக 2500 கிராமில் பிறந்த பிள்ளை ஒரு பேனாக் கோட்டில் 'நிறை குறைந்த' பட்டியலில் இருந்து வெளியே வந்தது. பிள்ளையில் ஒரு மாற்றமும் இல்லை. இந்தக் கோடு வைத்தியருக்கும் தாதிக்கும் எங்கே கண் வைக்க வேண்டும் என்று காட்டுகிற அடையாளம், பரீட்சையின் சித்திப் புள்ளி அல்ல.

சரி, வைத்தியருக்கு அது தேவை. நாங்கள் ஏன் ஊருக்குச் சொல்கிறோம்?

ஒரு காரணம் லேசானது. பிறந்த நாளில் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேறு செய்தி இல்லை. பேர் வைக்க நாள் இருக்கிறது. குணம் தெரியாது. ஆணா பெண்ணா என்பதற்கு அடுத்ததாக, அந்தப் பிள்ளைக்கு மட்டுமே சொந்தமான ஒரு விவரம் நிறைதான். போனில் அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். இறாத்தலில் வளர்ந்தவருக்கும் கிலோவில் வளர்ந்தவருக்கும் விளங்கும். லண்டனில் இருக்கிற மாமி இன்றைக்கும் இறாத்தல், அவுன்ஸ் கணக்கில்தான் திருப்பிச் சொல்வார்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் ஆழமானது. இதைக் கீரியில் இருந்து யோசித்ததால்தான் எங்களுக்கு விளங்கியது. 1990இல் மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்டது. புதிய பாலம் திறக்க 2010 ஆனது. அதற்கு இடைப்பட்ட காலத்தில் எங்கட தாய்மார் முகாமிலும், இடம்பெயர்ந்த வழியிலும், கடல் தாண்டிப் போன கரையிலும் பிள்ளை பெற்றார்கள். அப்படிப் பிறந்த எத்தனையோ பேருக்குப் பிறப்பு நிறை என்று ஒன்று இல்லை. எங்களில் ஒருவரின் அண்ணாவும் அப்படித்தான். "உயிரோட இருந்தான், அழுதான், அது காணும்" என்பதுதான் அவருடைய பிறப்புச் செய்தி. அதைக் கேட்ட பிறகு '2.9 கிலோ' என்பது எங்களுக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. நிறை சொல்கிறார்கள் என்றால், தராசு இருக்கிற இடத்தில் பிள்ளை பிறந்திருக்கிறது. வெளிச்சம் இருந்தது, தாதி இருந்தார், போகப் பாதை இருந்தது. தூரத்தில் இருக்கிற சொந்தக்காரருக்கு அந்த எண் சொல்வது "பயப்பிட வேண்டாம்" என்பதைத்தான்.

ஆனால் ஆறுதலாக வந்த எண், தாய்க்கு மார்க் போடுகிற எண்ணாகவும் மாறிவிட்டது. எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்காவின் பிள்ளை 2.1 கிலோவில் பிறந்தது. பார்க்க வந்தவர்கள் ஹோர்லிக்ஸ் போத்தலை வைத்துவிட்டுக் கேட்டது, "வயித்தில இருக்கேக்க ஒண்டும் சாப்பிடேல்லையோ?" அந்த அக்கா அதற்குப் பிறகு போனில் நிறை சொல்வதையே நிறுத்திவிட்டார். கேட்டால் "நல்லா இருக்குது" என்று மட்டும் சொல்வார்.

2016 தேசிய ஆய்வின்படி இலங்கையில் பிறக்கிற பிள்ளைகளில் ஏறக்குறைய 16 சதவீதம் 2.5 கிலோவுக்குக் கீழேதான். ஆறு பிள்ளைகளில் ஒன்று! மலையகத் தோட்டங்களில் இன்னும் அதிகம். பிரசவத்தில் தாய்மார் இறப்பதை இந்தளவு குறைத்த நாடு, கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் பிறக்கிற நாடு, இந்த எண்ணை மட்டும் பெரிதாக அசைக்க முடியாமல் நிற்கிறது. ஏனென்றால் பிரசவ அறையால் மட்டும் இதைத் திருத்த முடியாது. தாயின் இரத்தச்சோகை, அவளுடைய உயரம், அவள் சிறுமியாக இருந்தபோது வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்து அந்தத் தராசில் ஏறுகிறது. 1970களில் தொடங்கிய திரிபோஷாத் திட்டம் அதற்காகத்தான் வந்தது. 2022 நெருக்கடியில் சோளம் தட்டுப்பட்டு அந்தத் திரிபோஷாவும் தடைப்பட்டது. அந்த வருடம் நிறை குறைந்து பிறந்த பிள்ளைக்காகத் தாயைக் கேள்வி கேட்பது என்ன நியாயம்?

இப்போது அந்த ஹேர்ட்ஃபோர்ட்ஷயர் பேரேடுகள். டேவிட் பாக்கர் என்ற ஆய்வாளரின் குழு அவற்றைத் தேடியெடுத்து, 1989இல் வெளியிட்ட முடிவு இது: பிறக்கும்போதும் ஒரு வயதிலும் நிறை குறைவாக இருந்த ஆண்கள் பிற்காலத்தில் இருதய நோயால் இறந்தது கூடுதல். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இது பெருந்தொகை மக்களைப் பற்றிய கணக்கு, ஒரு பிள்ளையின் தலையெழுத்து அல்ல. அது சொல்வது, வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் சாப்பாடு கிடைக்காத நாடு அதற்கான கடனை அறுபது வருடம் கழித்தும் கட்டும் என்பதுதான்.

அந்த வட்ஸ்அப் போட்டிக்காரருக்கும் இரண்டு விஷயம். பிறந்த பிள்ளை முதல் சில நாளில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் நிறை குறையும், பிறகு இரண்டு கிழமைக்குள் திரும்ப ஏறும். நீங்கள் சொன்ன எண், செய்தி பரவி முடிய முன்னமே பழசாகிவிடும். மற்றது, கூடின நிறை எப்போதும் நல்ல நிறை இல்லை. நாலு கிலோ தாண்டினால் தாய்க்குச் சீனி வருத்தம் இருந்ததா என்று வைத்தியர் யோசிப்பார்.

நிறையைச் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தராசு இல்லாத இடத்தில் பிறந்தவர்களின் தம்பி தங்கச்சிமார் நாங்கள். அந்த எண்ணின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் செய்தியைத் திரும்ப ஒருக்கா வாசித்துப் பாருங்கோ. பிள்ளைக்குத் தசம தானத்தோடு எண், தாய்க்கு வெறும் 'நலம்'. அவளுக்கு எவ்வளவு இரத்தம் போனது, இரவு நித்திரை கொண்டாளா, யார் சமைத்துக் கொடுக்கிறார்கள் என்று ஒன்றும் அதில் இல்லை.

அடுத்த முறை கீரியில் இருந்தோ ரொறன்ரோவில் இருந்தோ அப்படியொரு செய்தி வந்தால், இதயம் ஒன்று போட்டுவிட்டு "அக்கா சாப்பிட்டாவா?" என்று கேட்கப் போகிறோம். நாங்கள் நாலு பேரும் அப்படித்தான் முடிவெடுத்திருக்கிறோம்.