கொய்னாப் பட்டையும் ஓநாயும்

கூடங்குளம் என்றதும் அணு உலையும் 2011, 2012ஆம் ஆண்டுகளின் போராட்டமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வூரின் வெயிலை நாம் பேசுவதில்லை. காற்றாலைகளும் பனைகளும் நிற்கும் அந்த வெளியில் நிழல் அரிது. லூபஸ் நோய் கண்ட பெண்ணுக்கோ வெயிலே பகை. கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி வடிவில் தடிப்பு சிவக்கும். மூட்டுவலியும் காய்ச்சலும் கிளம்பும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் இந்நோயை முற்றாக நீக்கும் வழி இன்றுமில்லை. நோயுற்றோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அவர்களுக்குத் துணைநிற்கும் மாத்திரையின் கதை, இச்சீமை அறிந்த பழைய காய்ச்சல்களோடு பிணைந்தது.

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளைக் கொள்ளைக் காய்ச்சல் சூறையாடியது. காரணம் அறியச் சென்னை அரசு அமைத்த குழுவின் அறிக்கை 1816இல் லண்டனில் அச்சேறியது. முறைக்காய்ச்சலுக்கு அன்று ஐரோப்பியர் நம்பிய மருந்து, தென்னமெரிக்கச் சிங்கோனா மரத்தின் பட்டை. 1860இல் கிளமெண்ட்ஸ் மார்க்கம் அம்மரத்தை நீலகிரிக்குக் கொணர்ந்தார். உதகைப் பூங்காவின் மெக்ஐவர் அதைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். நடுவட்டத் தோட்டங்களில் உழைத்தோருள் சீனக் கைதிகளும் உண்டு. அவர்கள் கதையைத் தனியே எழுத வேண்டும். பட்டையிலிருந்து எடுத்த மருந்தை நம்மவர் கொய்னா என்றனர்.

லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். முகத்தைக் கடித்துக் குதறியது போன்ற புண்ணுக்கு இட்ட பெயர் அது. 1894இல் லண்டன் மருத்துவர் பெய்ன், இந்த ஓநாய்க்குக் கொய்னா கொடுத்துப் பார்த்தார், பலன் தெரிந்தது. ஆயினும் அரை நூற்றாண்டுக்கு மேல் அதைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் உலகப்போரில் மலேரியாவுக்காக மெபாக்ரின் விழுங்கிய வீரர்கள் சிலரின் தோல் நோய் தணிந்த பிறகே, 1951இல் பேஜ் என்பவர் லூபஸுக்கு அம்மருந்தை முன்வைத்தார். 1955இல் அமெரிக்கா ஹைட்ராக்சி குளோரோகுயினுக்கு ஒப்புதல் அளித்தது. இது ஆலையில் பிறந்தது, மரத்தில் அன்று. எனினும் பட்டையின் பேத்தி எனலாம்.

இம்மாத்திரை நோயை ஒழிப்பதில்லை. சீறி எழாமல் அடக்கிவைக்கிறது. ஸ்டீராய்டின் தேவையைக் குறைக்கிறது. கருவுற்ற காலத்திலும் பொதுவாக நிறுத்தப்படுவதில்லை. உடல் எடைக்கேற்ற அளவும், விழித்திரைப் பரிசோதனையும் கட்டாயம். சிறுநீரகம் சத்தமின்றிக் கெடும் என்பதால் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நலமாக இருக்கிறோமே என்று தாமாக மாத்திரையை விட்டவர்களுக்கு நோய் திரும்புவதுண்டு.

2020 மார்ச்சில் கொரோனாவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் உலகமே இம்மாத்திரைமீது பாய்ந்தது. இந்தியா மார்ச் 25 அன்று ஏற்றுமதியைத் தடுத்து, பின்னர்த் தளர்த்தியது. உள்ளூர்க் கடைகளில் அது அரிதாயிற்று. ஆண்டுக்கணக்கில் அதை உட்கொண்டு வந்த பெண்கள், ஊரடங்கில் பழைய மருந்துச் சீட்டோடு கடை கடையாக அலைந்தனர். கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அதனால் பயனில்லை என்று பிரிட்டனின் பெரும் ஆய்வு அறிவித்தது அவ்வாண்டு ஜூனில்தான்.