மஞ்சாடியின் பெயர் தாங்கிய மகிழுந்து

மஞ்சாடி மரத்தை மலாய் மொழியில் சாகா என்பர். அதன் சிவந்த விதைகளைக் கொண்டு பொற்கொல்லர்கள் ஒரு காலத்தில் பொன்னை நிறுத்தனர். அப்பெயரைத் தாங்கிய மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்து, புரோட்டோன் சாகா, 1985 ஜூலை 9ஆம் நாள் அறிமுகமானது. அதே ஆண்டு பினாங்குப் பாலம் திறப்பு விழா கண்டபோது, அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் சாகாவிலேயே அதனைக் கடந்தார். அதுவரை தீவுக்கு வாகனம் கொண்டுசெல்ல பட்டர்வொர்த் பெர்ரிதான் வழி.

எங்கள் சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் தோட்டங்கள் குறைந்து வீடமைப்புப் பகுதிகள் பெருகியபோது, பிறையில் தொழிற்சாலை வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் வாகனம் தேவையாயிற்று. பல குடும்பங்களின் கைக்கு எட்டியது பிறர் ஓட்டி விற்ற சாகாவே. நம் வீடுகளில் 'காடி' என்றாலே அதுதான். இன்றும் பள்ளி வாசலில் ஒன்றிரண்டைக் காண்கிறேன்.

அது நீடித்து உழைப்பதன் காரணம் எளிது. மிட்சுபிஷி லான்சர் பியோரேயை அடிப்படையாகக் கொண்டது, தொடக்கத்தில் 1.3 லிட்டர் கார்புரேட்டர் எஞ்சின். 2008இல் புதிய சாகா வரும்வரை அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை. ஆகவே உதிரிப் பாகங்கள் மலிவாகக் கிடைத்தன. எந்தப் பட்டறைக்காரருக்கும் அதன் நாடி தெரியும். எஞ்சின் எண்ணெயைத் தவணை தவறாமல் மாற்றுதல், ரேடியேட்டரில் குழாய் நீருக்குப் பதில் குளிர்விப்பு நீர்மம் ஊற்றுதல், டைமிங் பெல்ட்டை அறுவதற்கு முன்பே மாற்றுதல் ஆகியவற்றைச் செய்தவரின் வண்டியே இலட்சங்களைக் கடந்தது. பெல்ட் அறுந்தால் எஞ்சின் நடுவழியில் நின்றுவிடும். பிள்ளைகள் உள்ளே இருப்பார்கள்.

இவ்வகையில் உலகச் சாதனை படைத்தவரும் ஓர் ஆசிரியரே என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அமெரிக்காவின் இர்வ் கார்டன் அறிவியல் ஆசிரியர். 1966இல் வாங்கிய வால்வோ பி1800இல் நாள்தோறும் ஏறத்தாழ 200 கி.மீ. பயணம் செய்து பணிக்குச் சென்று வந்தார். 1987இல் ஒரு மில்லியன் மைல். 2013இல் மூன்று மில்லியன் மைல், அதாவது 48 இலட்சம் கி.மீ. அவர் கூறிய இரகசியம் ஒன்றுமில்லை: கையேட்டில் கண்டபடி செய்தல், ஏறத்தாழ 5,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுதல். 6,80,000 மைல் ஓடிய பின்னரே எஞ்சின் முதன்முறையாகப் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டது. 2018இல் அவர் மறைந்தார்.

2009 அக்டோபரில் நம் அரசாங்கம், 15 ஆண்டு கடந்த வாகனங்கள் சாலை வரி புதுப்பிக்க ஆண்டுதோறும் கட்டாய ஆய்வுக்கு உட்பட வேண்டும் என அறிவித்தது. எளியோரின் வண்டி பறிபோகுமோ என்று அச்சம் பரவியது; எதிர்ப்பு வலுத்ததால் சில வாரங்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. பாதுகாப்புச் சோதனை தேவை என்பதே என் கருத்து. ஆயினும் அகவையை மட்டும் அளவுகோலாக்கியது முறையன்று. கவனிப்பாரற்ற ஏழாண்டு வண்டி அதைவிடக் கொடியது.

பெற்றோர் எவரேனும் தம் பழைய சாகாவின் பராமரிப்புக் குறிப்பேட்டை வைத்திருந்தால் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். ஐந்தாம் ஆண்டுக் கணிதப் பாடத்தில் தொலைவையும் செலவையும் கணக்கிட அதனையே பயன்படுத்த எண்ணியுள்ளேன்.