எழுநூறு வயசுத் திமிர்

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தில் லெகோலாஸைப் பார்த்திருப்பீர்கள். பொன்னிற முடி, கூர்மையான காது, குறி தப்பாத வில். எத்தனை சண்டை போட்டாலும் அந்தத் தலைமுடி மட்டும் கலையவே கலையாது! அவர்தான் எல்ஃப். நம் கந்தர்வர்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எல்ஃப் என்றாலே கூடவே ஒரு குணமும் ஒட்டிக்கொண்டு வரும். திமிர்! 'நீங்கள்லாம் நேத்துப் பொறந்த பசங்க' என்கிற பார்வை. இந்தத் திமிர் எங்கிருந்து வந்தது?

13-ம் நூற்றாண்டுக்குப் போவோம். ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டர்லுசன் என்பவர் பழைய வடநாட்டுப் புராணங்களைத் தொகுத்தார். அதில் எல்ஃப்கள் இரண்டு கூட்டம். ஒன்று, கண்ணைப் பறிக்கும் அழகுள்ள ஒளிக் கூட்டம். இன்னொன்று, பூமிக்குள் வசிக்கிற கன்னங்கறுப்புக் கூட்டம். இந்தக் கறுப்பு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் இவர்கள் சுருங்கிப்போய், பூவுக்குள் தூங்கும் கட்டைவிரல் சைஸ் தேவதைகள் ஆனார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டோல்கீனுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. தன் கதைகளில் அவர்களை மறுபடி ஆறடி உயரத்துக்கு நிமிர்த்தினார். சாகாவரம், அழகு, தனி மொழி எல்லாம் கொடுத்தார். கூடவே குள்ளர்களோடு தலைமுறைப் பகையும்!

ஆனால், டோல்கீன் அந்தப் பகையை அப்படியே விட்டுவிடவில்லை. லெகோலாஸும் குள்ளன் கிம்லியும் முறைத்துக்கொண்டே கிளம்பி, கடைசியில் பிரிக்க முடியாத சிநேகிதர்கள் ஆகிறார்கள். எல்ஃப் அரசி கலாட்ரியேலிடம் 'உங்கள் தலைமுடியில் ஒன்று போதும்' என்று கூச்சத்தோடு கேட்கிறான் கிம்லி. அவள் மூன்று தருகிறாள். என்னைக் கேட்டால், மொத்தக் கதையிலும் மிக அழகான இடம் அதுதான்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். 1974. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சின்ன ஊர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அங்கிருந்து வெளியானது. முதல் பதிப்பு வெறும் 1,000 பெட்டிகள். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார வேண்டியது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகவே மாறிப் பேச வேண்டும். ஜெயிப்பதும் சாவதும் பகடை கையில்.

டோல்கீனின் ஆட்கள் அத்தனை பேரும் பெட்டிக்குள் வந்தார்கள். கிம்லிக்குக் கிடைத்த சிநேகம் மட்டும் வரவில்லை!

ஏன்? நாவலில் குணம் மாறும். விளையாட்டில் குணம் ஒரு அட்டவணை. 1978-ல் வந்த விதிப் புத்தகத்தில் எந்த இனத்துக்கு எந்த இனத்தைப் பிடிக்கும், பிடிக்காது என்று கட்டம் போட்டே கொடுத்திருந்தார்கள். விருப்பத்தில் ஆரம்பித்து வெறுப்பு வரை எழுத்துக் குறியீடு. எல்ஃபுக்கும் குள்ளனுக்கும் ஆகாது. ஏன் ஆகாது? கட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, போ!

1981 பதிப்பு இன்னும் விசேஷம். நீங்கள் மனிதன் என்றால், போர்வீரனா, திருடனா, மந்திரவாதியா என்று தொழிலைத் தேர்ந்தெடுக்கலாம். எல்ஃப் என்றால்? தொழிலே எல்ஃப்தான். குள்ளனுக்குத் தொழில் குள்ளன். பிறப்பே தொழில்! எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்கும்.

இப்போது அந்தக் கறுப்புக்கு வருவோம். 1978-ல் 'ட்ரோ' என்ற பாதாள எல்ஃப்கள் விளையாட்டுக்குள் வந்தார்கள். வெள்ளை எல்ஃப்கள் நல்லவர்கள். ட்ரோக்கள் கறுப்புத் தோல், வெள்ளை முடி, இனம் முழுக்கவே கொடியவர்கள். ஓர்க் கூட்டத்தின் கதை இன்னும் மோசம். 2016-ல் வந்த புத்தகத்தில்கூட, ஓர்க்காகப் பிறந்தால் புத்தியில் 2 புள்ளி கட்! உட்கார்ந்து விளையாடுபவர் கறுப்பினத்துப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் காலம் காலமாகக் கேட்ட வசையையே பகடையும் திருப்பிச் சொன்னால் எப்படி இருக்கும்?

இதற்கெல்லாம் டோல்கீனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா? அத்தனை சுலபமில்லை. 1938-ல் ஒரு ஜெர்மன் பதிப்பகம் 'நீங்கள் ஆரியர்தானே?' என்று கேட்டபோது, 'யூதனா என்று கேட்கிறீர்களென்றால், அந்தத் திறமைசாலி இனத்தில் எனக்கு முன்னோர் இல்லையே என்பதுதான் வருத்தம்' என்கிற தொனியில் சூடாகப் பதில் எழுதிய மனிதர். அதே டோல்கீன்தான், 1958-ல் ஒரு கடிதத்தில் ஓர்க்குகளின் முகத்தை மங்கோலியச் சாயலோடு அசிங்கமாக வர்ணித்தார். இரண்டும் ஒரே பேனாதான்!

2020-ல்தான் விளையாட்டை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் தப்பை ஒத்துக்கொண்டது. அந்த 2 புள்ளி கட் போயிற்று. அப்புறமும் 2022-ல் ஒரு குரங்கு இனத்துக்கு அடிமைக் கதை எழுதி, வாங்கிக் கட்டிக்கொண்டு, மன்னிப்பு கேட்டு நீக்கினார்கள். 2024 விதிப் புத்தகத்தில் 'இனம்' என்ற சொல்லே போய், 'உயிரினம்' என்று ஆனது. பிறப்புக்குத் தந்த போனஸ் புள்ளிகள், வளர்ந்த பின்னணிக்கு மாறின. 'விளையாட்டின் ருசியே போச்சு' என்று புலம்பியவர்களும் உண்டு.

அப்படியானால் திமிர் பிடித்த எல்ஃப் வேண்டவே வேண்டாமா? தாராளமாக இருக்கட்டும். விதிப்படி அவன் 750 வயது வரை வாழக்கூடியவன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனித நண்பன் 80-ல் போய்விடுவான். அவன் மகன், பேரன், கொள்ளுப்பேரன் எல்லோரையும் எல்ஃப் வழியனுப்ப வேண்டும். அப்படி நாலு தலைமுறையைப் புதைத்தவன், ஐந்தாவது ஆளிடம் ஒட்டாமல் மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றால், அது இனத் திமிரா, வேறு ஏதாவதா? கதை சொல்கிறவர் அதைத்தான் அவனிடம் கேட்க வேண்டும். உன் இனம் எப்படி என்று கேட்க வேண்டாம். உனக்கு என்ன ஆச்சு என்று கேட்கட்டும். ஆடுகிறவர் கொஞ்ச நேரம் பகடையைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார்.