கஸ்ஸானும் கணக்கப்பிள்ளையும்
மொத்த வியாபாரத்துக்கு ஆலோசனை சொன்னவர்களின் வரலாற்றில் சில பக்கங்கள்

மொத்த வியாபாரிக்கு ஆலோசனை சொல்வதும் அவருடைய சரக்குக் கணக்கை ஒழுங்குபண்ணிக் கொடுப்பதும் கணினியோடு வந்த தொழில் என்றே எங்களில் பலர் நினைக்கிறோம். புறக்கோட்டைக் கடைகளுக்கு மென்பொருள் போட வருகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஒரு லப்டொப், ஒரு கொட்டேஷன், இரண்டு நாள் பயிற்சி. அதோடு காரியம் முடிந்துவிடும். அதனால்தான் இது நேற்று முளைத்த தொழில்போலத் தெரிகிறது. ஆனால் இதற்கு எண்ணூறு வருடத்துக்கு மேல் வயது உண்டு. இத்துறையின் பழைய நூல்களில் முக்கியமான ஒன்று அரபியில் எழுதப்பட்டது என்பது எங்கட ஆக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அபுல் ஃபழ்ல் ஜஃபர் இப்னு அலீ அத்திமிஷ்கீ என்பவர் எழுதிய 'கிதாபுல் இஷாரா இலா மஹாஸினித் திஜாரா' என்ற நூலைத்தான் சொல்கிறேன். வணிகத்தின் சிறப்புகளைச் சுட்டும் நூல் என்று பெயரைப் பொருள் கொள்ளலாம். காலம் 11ஆம், 12ஆம் நூற்றாண்டளவு. கெய்ரோவில் ஹிஜ்ரி 1318இல் அச்சாகியது. 1917இல் ஹெல்முட் ரிட்டர் என்ற ஜெர்மானிய அறிஞர் அதைத் தன் மொழிக்குக் கொண்டுபோனார். நூலாசிரியர் பெரிய சிந்தாந்தம் ஒன்றும் பேசவில்லை. கடையில் உட்கார்ந்து பழகிய மனிதரின் பேச்சு அது. நல்ல சரக்கையும் கலப்படச் சரக்கையும் எப்படிப் பிரித்தறிவது, எவனை நம்பலாம், எவனை நம்பக்கூடாது என்று சொல்லிக்கொண்டு போகிறார்.

அவர் வியாபாரிகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார். கஸ்ஸான் என்பவர் சரக்கு மலிந்திருக்கும் காலத்தில் வாங்கி வைத்து, தட்டுப்படும்போது விற்பவர். ரக்காழ் ஊர் ஊராகப் பயணம் போய் வாங்கி விற்பவர். முஜஹ்ஹிஸ் தான் இருந்த இடத்தில் இருந்துகொண்டு, வெளியூரில் உள்ள நம்பிக்கையான பிரதிநிதிக்குச் சரக்கை அனுப்பி விற்பிப்பவர். இன்றைய பேச்சில் ஸ்டொக் பண்ணுகிறவர், லொறியோடு போகிறவர், ஏஜென்ட் வைத்து நடத்துகிறவர் என்று சொன்னால் பெரிய பிழை வராது.

ஒவ்வொருவருக்கும் அவர் சொல்லும் புத்தி வேறு வேறு. கஸ்ஸானிடம், வாங்க நினைத்த சரக்கை ஒரேயடியாக வாங்கிவிடாதே, நான்கு பங்காக்கி, பதினைந்து பதினைந்து நாள் இடைவெளி விட்டு, இரண்டு மாதத்தில் வாங்கி முடி என்கிறார். இடையில் விலை ஏறலாம், இறங்கலாம். ஏறினால் முதல் பங்கு இலாபம், இறங்கினால் மிச்சப் பங்கை மலிவாக வாங்கலாம். ரக்காழிடம், தான் திரும்பி வரப்போகும் ஊரின் விலைகளையும் வழியில் கட்டவேண்டிய தீர்வைகளையும் குறித்த பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். முஜஹ்ஹிஸுக்கோ விலையைவிட ஆள்தான் முக்கியம். அனுப்பிய சரக்கைப் பொறுப்பெடுக்கும் பிரதிநிதி நம்பிக்கையானவராக இருக்க வேண்டும், இலாபத்தில் அவருக்கும் பங்கு இருக்க வேண்டும்.

நான்கு பங்குக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் தொடங்கும் விதம். "நீ எந்த வகை வியாபாரி?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகுதான் அவர் புத்தி சொல்கிறார். இந்த வரிசை பின்னர் பல இடங்களில் தலைகீழானது.

எவ்வளவு வாங்குவது என்ற கேள்விக்குக் கணிதத்தால் பதில் வந்தது 1913இல். ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர், ஒரு தொழிற்சாலைச் சஞ்சிகையில் சிறு கட்டுரை எழுதினார். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஓடர் செலவு. ஒரேயடியாக எடுத்தால் காசு முடங்கும், ஸ்டோர் வாடகை ஏறும். இரண்டும் சமப்படும் அளவுதான் சரியான அளவு. பிறகு 1934இல் வில்சன் என்ற ஆலோசகர் இதே கணக்கை எடுத்து நிறுவனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்றும் பல இடங்களில் அது வில்சன் சூத்திரம். கண்டுபிடித்தவரைவிடக் கடை கடையாகப் போய்ச் சொன்னவரின் பெயர் நின்றுவிட்டது. ஆலோசனைத் தொழிலில் இது நடப்பதுதான்.

மொத்த விநியோகத்துக்கென்று கணினி நிரலை முதலில் ஒழுங்காக எழுதியவர்கள் கணினிக் கம்பனிக்காரர்கள் என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. தேயிலையும் கேக்கும் விற்ற ஒரு கம்பனிதான் அதைச் செய்தது. லண்டனின் ஜே. லயன்ஸ் கம்பனி 1894இல் பிக்கடிலியில் முதல் தேநீர்க் கடையைத் திறந்தது. பிறகு அப்படி இருநூறுக்கு மேற்பட்ட கடைகள். கிரீன்ஃபோர்டில் பிரமாண்டமான தேயிலைப் பொதியிடும் ஆலை. அங்கு கலந்து பொதியிட்ட தேயிலையில் எங்கள் மலையகத்துக் கொழுந்தும் இருந்தது. அந்தப் பொதிகளை நாடெங்கும் சிறு கடைகளுக்குப் போட்டார்கள்.

லயன்ஸின் தலைவலி எந்த மொத்த வியாபாரிக்கும் விளங்கும். ஒவ்வொரு பில்லும் சின்னப் பில். ஒரு கோப்பை தேத்தண்ணி, ஒரு பன். இலாபம் சல்லிக் கணக்கு. பில்லோ இலட்சக்கணக்கு. கணக்கு எழுதும் செலவே இலாபத்தைத் தின்றுவிடும். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து 1923இல் அங்கு வேலைக்குச் சேர்ந்த ஜோன் சிமன்ஸ் என்பவர் இதில் வாழ்நாளைச் செலவழித்தார். அலுவலக வேலை எப்படி நடக்கிறது என்று ஆராய்வதற்கென்றே 1930களின் தொடக்கத்தில் கம்பனிக்குள் ஒரு பிரிவு உருவாயிற்று. கணினி என்ற ஒன்று உலகில் இல்லாத காலத்திலேயே அவர்கள் கிளார்க் மேசைகளுக்குப் பக்கத்தில் நின்று, இந்தத் துண்டு எங்கிருந்து வருகிறது, யாரிடம் போகிறது, ஏன் மூன்று பிரதி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

1947இல் தோம்ப்சன், ஸ்டாண்டிங்ஃபோர்ட் என்ற இரு அதிகாரிகள் அலுவலக முறைகளைப் பார்க்க அமெரிக்கா போனார்கள். கணினி பற்றி அங்கு விசாரித்தபோது, உங்கள் நாட்டுக் கேம்பிரிட்ஜிலேயே ஒன்று கட்டுகிறார்களே என்று பதில் வந்தது. லயன்ஸ் கேம்பிரிட்ஜுக்கு 3,000 பவுணும் ஓர் உதவியாளரையும் கொடுத்தது. 1949 மே மாதம் அங்குள்ள இயந்திரம் வேலை செய்யத் தொடங்கியதும், அதைப் பின்பற்றித் தங்களுக்கென ஒன்றைக் கட்டினார்கள். அதன் பெயர் லியோ. 1951 நவம்பர் கடைசியில் பேக்கரி உற்பத்தியின் பெறுமதியைக் கணக்கிடும் வேலையை வாரந்தோறும் செய்யத் தொடங்கியது. வணிக அலுவலகத்தின் அன்றாட வேலை ஒன்றைக் கணினி ஏற்றது அதுதான் முதல் தடவை. தேயிலைக் கலவைக் கணக்கும் பின்னர் அதற்குள் வந்தது.

எங்கள் விஷயத்துக்கு உயிரானது 1954இல் தொடங்கிய தேநீர்க் கடை விநியோக வேலை. அதற்கு முன் ஒவ்வொரு கடையின் பொறுப்பாளரும் (பெரும்பாலும் பெண்கள்) நாளைக்கு எது எவ்வளவு வேண்டும் என்று படிவம் படிவமாக எழுதி அனுப்ப வேண்டும். இதைக் கணினிக்கு மாற்றும் வேலையை டேவிட் கமினர் கையிலெடுத்தார். 1915இல் பிறந்தவர், யுத்தத்தில் தூனிசியாவில் ஒரு காலை இழந்தவர், கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். இருக்கிற படிவங்களை அப்படியே இயந்திரத்துக்குள் திணிப்பது சுலபமான வழி. அவர்கள் அதைச் செய்யவில்லை. கடை நடத்துகிறவளுக்கு உண்மையில் என்ன தெரியும் என்று பார்த்தார்கள். திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை ஓடர் பெரும்பாலும் ஒன்றுதான். மாறுவது கொஞ்சம். மழை பெய்தால், பக்கத்தில் ஏதாவது விசேஷம் இருந்தால் மாறும். அந்த மாற்றம்தான் அவளுடைய மூளையில் இருப்பது. ஆகவே கிழமையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிரந்தர ஓடர் இயந்திரத்துக்குப் போயிற்று. கடைக்காரி குறித்த நேரத்தில் தொலைபேசியில் மாற்றத்தை மட்டும் சொன்னாள். கேட்டவள் கேட்டபடியே அட்டையில் துளையிட்டாள். லியோ எல்லாவற்றையும் கூட்டி, பேக்கரிக்கு எவ்வளவு சுடுவது, எந்தக் கடைக்கு எதைக் கட்டுவது, எந்த வேனில் ஏற்றுவது என்று பட்டியல் கொடுத்தது.

இதில் முடிவு எடுக்கும் உரிமை கடைக்காரியிடமே இருந்தது. அவளுடைய கணிப்பை இயந்திரம் பறிக்கவில்லை. அவளுக்குச் சலிப்புத் தந்த எழுத்து வேலையை மட்டும் எடுத்துக்கொண்டது. எழுபது வருடத்துக்குப் பிறகும் மொத்த வியாபாரத்துக்கென்று விற்கப்படும் மென்பொருள்களில் இந்த அளவு நிதானத்தைக் காண்பது அரிது என்பது என் அபிப்பிராயம்.

அதே 1954இல் லயன்ஸ் லியோவைத் தனிக் கம்பனியாக்கி, வெளியாருக்கும் இயந்திரமும் ஆலோசனையும் விற்கத் தொடங்கியது. வில்ஸ் புகையிலைக் கம்பனி வாங்கியது. ஃபோர்ட் மோட்டார் கம்பனியின் சம்பளக் கணக்கும் அவர்களிடம் வந்தது. ஆனால் 1963இல் லியோ வேறு கம்பனியோடு சேர்க்கப்பட்டது, 1968இல் ஐ.சி.எல். என்ற பெரிய நிறுவனத்துக்குள் கரைந்தது. பன் விற்றவர்களால் கணினி விற்று நிலைக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்து நாட்டில் நடந்த கதையும் கடைக்குள்ளிருந்து கிளம்பியதுதான். பெங்களூரில் ஷ்யாம் சுந்தர் கோயங்கா ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திரப் பாகங்களும் சப்ளை பண்ணிய வியாபாரி. தன் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத்திடம் எழுதச் சொன்னார். 1986இல் பிறந்தது அது. பிறகு அதன் பெயர் டேலி. அப்போதைய மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் இலக்கக் குறியீட்டை மனப்பாடம் பண்ண வேண்டும். கடைக்காரன் ஆளைப் பெயரால்தான் நினைக்கிறான், இலக்கத்தால் அல்ல. தகப்பனும் மகனும் குறியீட்டைத் தூக்கி எறிந்தார்கள். பேரேட்டில் எழுதுவதுபோல் பெயரை அடித்தாலே போதும். டேலி பரவியதற்கு விலையும் காரணம், கள்ளப் பிரதியும் காரணம். ஆனால் கணக்கப்பிள்ளைக்குப் பயம் வராததுதான் முதல் காரணம்.

இனிப் புறக்கோட்டை. நான்காம் குறுக்குத் தெருவில் அரிசியும் பருப்பும் வெங்காயமும், இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி, பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான். இந்தத் தெருக்களின் வியாபாரம் கடனில் நடப்பது. வெளியூர்க் கடைக்காரருக்குச் சரக்குப் போகும், பின்திகதியிட்ட செக் வரும். செக் திரும்பினால் வழக்குக்குப் போவதில்லை, தவணைக்குப் போவார்கள். "அவர் நல்ல மனிசன், வாப்பாட காலத்து ஆள், நோன்புப் பெருநாள் கழிய வரும்" என்று முதலாளி சொல்லுவார். அந்த ஒரு வசனத்துக்குள் முப்பது வருடத்துக் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. மென்பொருளிலோ 60 நாள் தாண்டினால் அந்தப் பெயர் சிவப்பாகிவிடும். அதற்குப் பிறகு பில் போட இடம் கொடுக்காது. பையன் ரகசிய இலக்கத்தை அடித்துப் பூட்டைத் திறப்பான். கொஞ்ச நாளில் எல்லாருக்கும் அந்த இலக்கம் தெரியும். கட்டுப்பாடும் போயிற்று, முதலாளியின் அறிவும் உள்ளே ஏறவில்லை.

2022இல் இது இன்னும் கடுமையாகத் தெரிந்தது. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதம் 360ஐத் தொட்டது. பழைய விலைக்கு வாங்கிய சரக்கை விற்றவர்களுக்குக் கணினி நல்ல இலாபம் காட்டியது. அந்தக் காசைக் கொண்டு போய் அதே சரக்கை எடுக்கப் போனால் பாதிதான் கிடைத்தது. வாங்கிய விலையில் கணக்குப் பார்ப்பதா, திரும்ப வாங்கவேண்டிய விலையில் பார்ப்பதா என்பது நிரல் எழுதுகிறவர் தீர்க்கும் கேள்வி அல்ல. கடைக்காரரோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது. அத்திமிஷ்கீ ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு சரக்குக்கும் அனுபவசாலிகள் அறிந்த ஒரு நடுத்தர விலை உண்டு என்றும், ஏற்றத்தையும் இறக்கத்தையும் அதைவைத்தே மதிப்பிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு விலையை வைத்திருந்த பழைய கணக்கப்பிள்ளைமார் அந்த மாதங்களில் தப்பினார்கள் என்றே நினைக்கிறேன்.

இப்போது தள்ளிப்போட இடமில்லை. பெறுமதி சேர் வரி 2002 ஓகஸ்டில் வந்தபோது பல சின்ன மொத்தக் கடைகளுக்கு அது தூரத்து விஷயம். 2024 ஜனவரியில் வீதம் 18ஆக உயர்ந்தது. பதிவு செய்யவேண்டிய வருட விற்பனை எல்லையும் 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனுக்கு இறங்கியது. மொத்த வியாபாரத்தில் 60 மில்லியன் என்பது பெரிய தொகை அல்ல, நாளைக்கு இரண்டு இலட்சத்துக்குக் கொஞ்சம் கூட விற்றால் வந்துவிடும். ஆகவே அவசர அவசரமாகக் கணினி வைக்கிறார்கள். வரிப் பத்திரம் அடிக்கத் தெரிந்த மென்பொருள் எதுவானாலும் சரி என்ற நிலை. நீ கஸ்ஸானா, ரக்காழா, முஜஹ்ஹிஸா என்று கேட்க ஒருவருக்கும் நேரம் இல்லை.

கணினி வந்த கையோடு மேல்மாடியில் அடுக்கியிருந்த பேரேடுகள் பழைய கடதாசி வாங்குகிறவனிடம் நிறுவைக்குப் போகின்றன. எந்த ஊருக் கடைக்கு எத்தனை மாதத் தவணை, எந்தப் பெருநாளுக்கு எது ஓடியது, எந்த வருடம் யார் யாருக்குக் கடன் தள்ளினார்கள் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. லியோவின் பழைய கடதாசிகளையும் அங்கு வேலை செய்தவர்களின் நினைவுகளையும் இங்கிலாந்தில் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இங்கு மென்பொருள் போட வருகிற தம்பிமார், முதல் நாள் அந்தப் பேரேடுகளில் நான்கைந்தைக் கணக்கப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரட்டிப் பார்க்கட்டும். முதலாளிமார் அவற்றை நிறுக்கக் கொடுப்பதற்கு முன் படம் பிடித்தாவது வைக்கட்டும்.