கடைசி இலக்கத்தின் சாட்சியம்: ஓசூர்–கிருஷ்ணகிரிப் பள்ளிகளும் தண்டு–இலை வரைபடமும்

எட்டாம் வகுப்புப் புள்ளியியலில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நடக்கும் பாதை ஆசிரியர்களுக்கு மனப்பாடம். எண்களைத் திரட்டி, பிரிவு இடைவெளிகளாக வகுத்து, நேர்க்கோட்டுக் குறி போட்டு, நிகழ்வெண் பரவல் அட்டவணை அமைத்து, நிகழ்வுச் செவ்வகம் வரைவார்கள். இரண்டாம் படியிலேயே எண்கள் மறைந்துவிடுகின்றன. 20–30 என்ற பிரிவுக்குள் போன 21க்கும் 29க்கும் அதன்பிறகு வேறுபாடு கிடையாது. ஆளுக்கொரு கோடு, அவ்வளவுதான். தண்டு–இலை வரைபடம் இந்த இழப்பு இல்லாமலேயே தொகுக்கும் முறை. இலங்கையின் கணிதப் பாடத்தில் அதற்கு இடமுண்டு. இடைநிலை அளவையும் முகட்டையும் எளிதில் காண உதவும் வரைபு என்றே அங்கு அறிமுகமாகிறது. அதற்காக மட்டும் என்றால் ஒரு புதுப் பாடம் தேவையில்லை என்றே சொல்வேன். அதைக் கற்பிக்க வேண்டிய காரணம் இலையில் இருக்கிறது. இலையாக எழுதப்படும் கடைசி இலக்கம், அளக்கப்பட்ட பொருளைவிட அளந்த கருவியையும் அளந்த கையையும் பற்றியே அதிகம் சொல்கிறது. தொழிற்சாலைகளை நம்பி வாழும் ஒரு வட்டாரத்தின் பிள்ளைகளுக்கு அதை வாசிக்கத் தெரிய வேண்டும்.

இம்முறையைப் பரப்பியவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி. 1977இல் வெளிவந்த ‘எக்ஸ்ப்ளோரட்டரி டேட்டா அனாலிசிஸ்’ என்ற அவரது நூலின் முதல் அத்தியாயமே இதைப் பற்றியது. கணிப்பொறி கைக்கு வராத காலத்தில், பென்சிலும் தாளும் கொண்டு எண்களோடு பழகுவதற்காக அவர் இதைக் கையாண்டார். செய்முறை எளிது. ஒவ்வோர் எண்ணிலும் கடைசி இலக்கம் இலை, மீதி தண்டு. தண்டுகளை மேலிருந்து கீழாக எழுதி, ஒரு நெட்டுக்கோடு இழுத்து, இலைகளை ஏறுவரிசையில் சம இடைவெளியில் வைத்தால் முடிந்தது. பிள்ளைகள் செய்யும் பிழைகளும் தெரிந்தவைதான். திரும்ப வரும் எண்ணை ஒருமுறை மட்டும் எழுதுவது, இலை இல்லாத தண்டை விட்டுவிடுவது, குறிப்பு விளக்கம் எழுத மறப்பது. இவற்றுள் நடுவில் உள்ளதுதான் பெரிய பிழை. வெற்றுத் தண்டை நீக்கினால் தரவில் இருந்த இடைவெளியே மூடிப்போகும்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி 1980களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் எழுந்தன. 2021இல் போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்தது. இவற்றுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகளில் நாள்தோறும் நடக்கும் வேலை அளப்பதும் எழுதுவதும்தான். புள்ளியியல் தரக் கட்டுப்பாட்டின் முன்னோடியான வால்டர் ஷூஹார்ட், இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸின் அழைப்பில் 1947–48இல் இந்தியா வந்து அந்தத் துறைக்கு இங்கு வித்திட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின், ஓசூரில் ஆலை நடத்தும் டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் 2002இல் தரக் கட்டுப்பாட்டுக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. ஆலை வாசல்வரை வந்துவிட்ட புள்ளியியல், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இன்னும் செவ்வகம் வரைந்துகொண்டிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. இது வகுப்பறைக்காக நான் அமைத்துக்கொண்டது. எந்தப் பட்டறையின் பதிவேடும் அன்று. கடைசலில் ஓடிய 19 ஷாஃப்டுகளின் விட்டம், மில்லிமீட்டரில். இருக்க வேண்டிய அளவு 25.00, டாலரன்ஸ் (ஏற்கத்தக்க விலகல்) கூட்டியோ குறைத்தோ 0.10. அளந்த கருவி, 0.02 மி.மீ. மீச்சிற்றளவு (கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) கொண்ட வெர்னியர்.

24.8 | 8
24.9 | 0 0 0 0 4 6 8
25.0 | 0 2 2 4 6 8 8
25.1 | 0 0 0 3

24.9 | 4 என்பது 24.94 மி.மீ.

பத்தாவது எண் 25.02, அதுவே இடைநிலை அளவு. முகடு 24.90. வீச்சு 0.25. தேர்வுத்தாளுக்கு இது போதும். இதே தரவுக்கு 0.1 அகலத்தில் நிகழ்வுச் செவ்வகம் வரைந்தால் 1, 7, 7, 4 என்று ஒழுங்கான ஒரு மேடு வரும். பார்த்தவர் எந்திரம் நன்றாக ஓடுகிறது என்பார்.

இலைகளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 24.9 தண்டின் ஏழு இலைகளில் நான்கு சரியாகக் கீழ் எல்லையான 24.90இலேயே நிற்கின்றன. மேல் எல்லையான 25.10லும் மூன்று. ஆக 19இல் ஏழு ஷாஃப்டுகள் தள்ளுபடிக்கு மயிரிழையில் தப்பியிருக்கின்றன. ஒன்றிரண்டு தப்பலாம், ஏழு தப்பினால் கேள்வி எழும். 24.88 காட்டிய வெர்னியரை இன்னொரு முறை கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் 24.90 காட்டும் என்பது பட்டறையில் நின்றவர்களுக்குத் தெரியும். அந்தத் தளர்ந்த பிடியைப் படத்தில் காட்டுவது இலை ஒன்றுதான்.

இன்னொன்று, கடைசி வரியில் உள்ள 3. முதன்மை அளவுகோலின் 49 பிரிவுகளை 50ஆகப் பிரித்த வெர்னியரில் மீச்சிற்றளவு 0.02, எனவே நூறில் ஒரு பங்கு இடத்தில் 0, 2, 4, 6, 8 மட்டுமே வர முடியும். 3 வர வழியே இல்லை. அந்த ஒன்றை மட்டும் டிஜிட்டல் வெர்னியரிலோ மைக்ரோமீட்டரிலோ அளந்திருக்கலாம். இரு கோடுகளுக்கு நடுவே உத்தேசமாகப் படித்திருக்கலாம். அளக்காமலே எழுதியும் இருக்கலாம். எது என்று படம் சொல்லாது, யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்லும். மீச்சிற்றளவை ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ‘அளவீடு’ பாடத்தில் படிக்கிறார்கள். புள்ளியியலைக் கணித ஆசிரியர் நடத்துகிறார். இரண்டும் சந்திக்க நம் கால அட்டவணையில் ஒரு பீரியடும் இல்லை.

நிகழ்வுச் செவ்வகத்திலும் இதைக் காட்டலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டெமிங் பரிசுக்குப் பெயர் தந்த எட்வர்ட்ஸ் டெமிங்கே எஃகுக் கம்பிகளின் விட்டத்தை வைத்து அப்படி ஒரு படத்தைப் புகழ்பெறச் செய்தார்: கீழ் எல்லைக்குச் சற்றுக் கீழே ஒரு பள்ளம், எல்லையிலேயே ஒரு குவியல், குறையுள்ள கம்பிகளை ஆய்வாளர்கள் தேற்றிவிட்டிருந்தார்கள். ஆனால் அந்தச் செவ்வகங்கள் அளவீட்டின் நுண்மைக்கு நிகரான அகலம் கொண்டவை. பிரிவு அகலத்தைப் பத்து, இருபது என்று வட்டமாக எடுக்கப் பழக்கும் நம் பயிற்சிக் கணக்குகளில் அந்தப் பள்ளம் தெரியாது. அகலத்தை யார், எதற்காகத் தேர்ந்தார்கள் என்ற கேள்வியே தண்டு–இலையைப் பார்த்த பிறகுதான் பிள்ளைக்குத் தோன்றும்.

அதற்காக, குவியல் கண்ட இடமெல்லாம் பொய் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடக் கூடாது. கற்பிப்பதில் கடினமான பகுதி இதுவே. கிருஷ்ணகிரி அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 52 அடி. நல்ல மழை ஆண்டில் தினசரி நீர்மட்டத்தைத் தண்டு–இலையாக எழுதினால் அதை ஒட்டியே இலைகள் குவியும், ஏனெனில் அதற்குமேல் வரும் நீரை மதகு வழியே தென்பெண்ணையில் விட்டாக வேண்டும். 2017 நவம்பரில் மதகு ஒன்று உடைந்தபோது குவியல் வேறு மட்டத்துக்கு இறங்கியிருக்கும். அங்கும் யாரும் பொய் எழுதவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 30, 35, 40 என்று வயதுகள் குவிவது பிறந்த தேதி அறியாதவர்கள் உத்தேசமாகச் சொல்வதால். அந்தக் குவியலை அளக்க விப்பிள் குறியீடு என்றே ஒன்று உண்டு. தேர்ச்சி மதிப்பெண் 35 என்றிருக்க, ஒரு வகுப்பின் பட்டியலில் 3 என்ற தண்டில் 33உம் 34உம் இன்றி 5 மட்டும் வரிசைகட்டி நின்றால், ஆசிரியர் அறையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. (இந்த உதாரணத்தை வகுப்பில் போடுவதா என்பது அவரவர் துணிச்சல்.)

அமெரிக்காவில் 2010இல் வந்த பொதுப் பாடத்தரங்கள் புள்ளி வரைபடம், நிகழ்வுச் செவ்வகம், பெட்டி வரைபடம் மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, தண்டு–இலையை விட்டுவிட்டன. காரணங்களை ஊகிப்பது கடினமன்று: எண்கள் நூறைத் தாண்டினால் வரிகள் தாளைவிட்டு ஓடும், கணிப்பொறிக்குச் செவ்வகம் நொடி வேலை. பெரிய தரவுக்கு இது உதவாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பட்டறையின் ஒரு ஷிப்டு, வகுப்பின் ஒரு பிரிவு, அணையின் ஒரு மாதம் ஆகியவை இருபதிலிருந்து நாற்பது எண்களுக்குள் அடங்கும். இதன் இடம் அங்கே.

இந்த வட்டாரம் மாநில எல்லைப்புறம் என்பதால் இன்னொரு வசதி. தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் ஏராளம். வரைபடம் முழுக்க இலக்கங்கள். வரைவதற்கு மொழி குறுக்கே நிற்காது. ஒரே தண்டின் இருபுறமும் ஏ ஷிப்டு, பி ஷிப்டு என்று இலைகளை எதிரெதிராக அடுக்கினால் ஒப்பீடும் கண்ணிலேயே முடிந்துவிடும். பொருள் கொள்ளும்போதுதான் மொழி வேண்டும், அதற்கு வீட்டு மொழியில் முதலில் பேசிக்கொள்ள இடம் தந்தால் போதும்.

உண்மையான தடை வினாத்தாளில் இருக்கிறது. ‘இடைநிலை அளவு காண்க’ என்றால் விடை 25.02, விடைக்குறிப்பில் ஒரு வரி. ‘25.13 எப்படி வந்திருக்கக்கூடும்? இரு காரணங்கள் கூறி, எது சரி என அறிய என்ன செய்வாய் என எழுதுக’ என்று கேட்டால் கருவி மாறியது, உத்தேசமாகப் படித்தது, அளக்காமல் எழுதியது என்று மூன்றும் ஏற்கத்தக்கவை. எனவே மதிப்பெண்ணைக் காரணத்துக்கு இரண்டு, சோதிக்கும் வழிக்கு மூன்று என்று பிரிக்கலாம். அதே ஷாஃப்டை எடுத்து அதே வெர்னியரில் மறுபடி அளப்பேன் என்று எழுதும் பிள்ளைக்கு அந்த மூன்றும் முழுதாகக் கிடைக்க வேண்டும்.