சூடாமணி விகாரை

சூடாமணி விகாரை, சோழர் காலத்தில் நாகப்பட்டினத்தில் எழுந்த பௌத்த மடாலயம். நாகூர் ஆண்டகையின் தர்காவுக்குச் சில கிலோமீற்றர் தெற்கே இது இருந்தது.

தொடக்கம் தெளிவில்லை. இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் 8ஆம் நூற்றாண்டில் சீனருக்காக ஒரு கோயில் எடுத்ததாகச் சீனக் குறிப்புகள் கூறும். அது நாகப்பட்டினத்தில் எழுந்தது என்பது ஊகமே. திருமங்கையாழ்வார் இங்கிருந்த பொன் புத்தரைக் கவர்ந்துபோய்த் திருவரங்கத் திருப்பணிக்கு உருக்கினார் என்பது வைணவக் குருபரம்பரைக் கதை. ஆழ்வார் இந்த விகாரைக்குக் காலத்தால் முந்தியவர் என்பதால், கதையில் உண்மை இருந்தாலும் களவுபோனது வேறொரு விகாரையின் சிலையாக இருக்க வேண்டும்.

ஆவணம் பேசத் தொடங்குவது 1006 அளவில். மலாய்த் தீபகற்பத்துக் கடாரத்தின் சைலேந்திர அரசன் சூளாமணிவர்மன் தொடங்கிய விகாரையை அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்தான். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்கு விட்டான். அவன் மகன் இராசேந்திரனின் முத்திரை வளையத்தில் கோத்த 21 செப்பேடுகள் இதை விரித்துரைக்கின்றன. வருவாய் 8,943 கலம் நெல்லுக்குச் சற்று மேல். கணக்கோ கலத்தோடு நில்லாமல் தூணி, குறுணி, நாழி வரை இறங்குகிறது. எல்லை குறித்த விதம் அதைவிடச் சுவை: ஒரு பெண் யானையை ஊரைச் சுற்றி நடத்தி, அது போன தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டார்கள்.

1025இல் இராசேந்திரன் கடாரத்தின் மீதே படையெடுத்தான். ஆனாலும் விகாரைக்கு அதனால் குறைவு வந்ததாகத் தெரியவில்லை. 1090 அளவில் கடாரத் தூதர் கேட்டுக்கொண்டபடி முதலாம் குலோத்துங்கன் விகாரைக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான்.

அப்புறம் சுவடு மங்குகிறது. 1267இல் முடிந்ததாகச் சீன எழுத்துப் பொறித்த கோபுரம் ஒன்றைப் பற்றி 14ஆம் நூற்றாண்டுப் பயணி வாங் தாயுவான் எழுதினார். அது விகாரையின் பகுதியா, தனிக் கட்டடமா என்பதில் அறிஞர் ஒன்றுபடவில்லை. இலங்கையின் களனியில் உபசம்பதை என்னும் முழுத் துறவுநிலை பெற்றுத் திரும்பிய பர்மாவின் பெகு நாட்டுப் பிக்குகள் சிலர், கப்பல் உடைந்து நாகப்பட்டினத்துக்கு நடந்து வந்து, சீன அரசன் கட்டுவித்த குகையில் புத்தரை வணங்கிய செய்தி 15ஆம் நூற்றாண்டுக் கல்யாணிக் கல்வெட்டுகளில் உண்டு.

1846இல் வால்டர் எலியட் பார்த்தபோது மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்றே நின்றது. ஏசுசபையார் அரசிடம் அனுமதி பெற்று 1867இல் அதையும் இடித்தார்கள். செப்பேடுகள் 1862இல் ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. 1856 முதல் 1934 வரை நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து ஏறக்குறைய 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. பல சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன.